இம்பூறல் பாத்தியில் நான் பிடுங்கியது

போன மாதம் மூலிகைத் தோட்டத்திலிருந்து ஒரு போன். இப்போது அங்கே பொறுப்பு அலுவலராக இருக்கும் பெண் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், என்னை நேரில் பார்த்ததில்லை, ஆகையால் மிகுந்த மரியாதையோடு பேசினார். தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி பலகை வைக்கிறார்களாம். செல்போனைக் காட்டினால் அந்தச் செடியின் வரலாறு முழுக்க வந்து நிற்குமாம்.

"சார், இம்பூறல் பாத்திய நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு பழைய ஃபைல்ல இருக்கு. பலகையில உங்க பேரப் போடலாம்னு இருக்கோம். எப்படிக் காப்பாத்துனீங்கன்னு ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா?"

தருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். யார் என்று மனைவி கேட்டாள். "ஆபீசு. நான் எதையோ காப்பாத்தினேனாம்" என்றேன். "நீங்களா?" என்றாள். முப்பத்தைந்து வருடம் கூடவே இருந்தவளுக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பொய்தான் அடங்கியது. உண்மைக்கு இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

என் பெயர் தணிகாசலம். சொந்த ஊர் செங்கல்பட்டு. வேலைக் காலத்தின் பெரும்பகுதியை நெல் விதைப் பண்ணையில் கழித்தவன். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விதை நெல் வயலில் ஒரே ரகம்தான் நிற்க வேண்டும். ஆனால் எங்கிருந்தோ வேறு ரகச் செடி ஒன்றிரண்டு உள்ளே வந்துவிடும். கொஞ்சம் உயரமாக நிற்கும், இல்லையென்றால் நாலு நாள் முன்னதாகப் பூக்கும். அதற்குப் பெயர் கலவன். வரப்பில் நின்று பார்த்த பார்வையிலேயே கலவனைக் கண்டுபிடித்து, இறங்கி, வேரோடு பிடுங்கிப் போட வேண்டும். முதல் இரண்டு வருடம் நல்ல செடியைப் பிடுங்கித் திட்டு வாங்கினேன். பிறகு கண் திருந்தியது, கூடவே தலைக்கனமும் ஏறியது. பஸ்ஸில் போனாலும் ஜன்னல் வழியாக ஊரான் வயலில் கலவன் எண்ணிக்கொண்டு போவேன். கல்யாணப் பந்தியில் ஒரு இலை மட்டும் சிறியதாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பண்ணையில் என்னைக் 'கலவன் தணிகாசலம்' என்பார்கள். கேலியாகச் சொன்னார்கள் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை. பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்கு எட்டு வருடம் இருக்கும்போது மூலிகைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல் பூமி. நெல்லைத் தவிர மற்றதெல்லாம் புல் என்று நம்பிக்கொண்டிருந்தவனிடம் நூற்றுக்கணக்கான செடிகளைக் காட்டி, இதையெல்லாம் பார்த்துக்கொள் என்றார்கள். அவற்றில் ஒன்றுதான் இம்பூறல். சாயவேர் என்றும் சொல்வார்கள். வேரில் சிவப்புச் சாயம் இருக்கும். செடி ரத்த வாந்திக்கு மருந்து. முழங்கால் உயரம்கூட வராது. வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஒவ்வொரு பூவும் மிளகளவுகூட இருக்காது. முன்பு அந்தக் கரையோர மணலில் தானாக வளர்ந்து கிடந்ததாம். நான் போன சமயத்தில் எங்கள் சுவருக்கு வெளியே இருந்த கடைசி மணல்மேட்டையும் ஒரு சொகுசு விடுதி வாங்கிப் புல்தரை போட்டுவிட்டது. செய்யூர் பக்கத்து விவசாயிகள் சிலர் இம்பூறல் பயிர் செய்ய எங்களிடம்தான் விதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விதை என்று வாய் சொல்கிறதே தவிர, அதைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். மூக்குப்பொடி மாதிரி இருக்கும். காய் கடுகளவு. பழுத்ததும் வெடித்து மணலில் கொட்டிவிடும். அதைப் பொறுக்க யாராலும் முடியாது. அதனால் ஒரு வழக்கம். காய் வெடித்த பிறகு செடிகளுக்கு நடுவில் உள்ள மேல்மணலை, விரல் நகம் ஆழத்துக்கு மட்டும், தென்னந்துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி எடுப்பார்கள். அந்த மணலைச் சலித்து, சருகு நீக்கி, கூடையில் கட்டி வைப்பார்கள். விதை மண் என்று பெயர். விதைக்கும்போதும் அந்த மண்ணையே தூவ வேண்டியதுதான். அதில் விதை இருக்கிறதா இல்லையா என்பது முளைத்தால்தான் தெரியும்.

அந்த மணலைக் கூட்டுகிறவள் அஞ்சலை. திருவிடந்தைக்காரி. நான் போனபோதே பதினைந்து வருடமாகத் தினக்கூலி. துடைப்பத்தை அவள் பிடிக்கிற பிடியில் மணல் சலனமில்லாமல் நகரும். நான் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். பாத்தியில் பள்ளம் விழுந்தது. "வுடு அண்ணாத்த, நாய் பறிச்ச மாரி கீது" என்று துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

இம்பூறல் பாத்தியை முதன்முதலாகப் பார்த்தபோது செடி எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஆனால் என் கைலென்சை வைத்துப் பூவைப் பார்த்தால் இரண்டு விதம். ஒரு செடியின் பூவில் நடுவிலிருந்து மெல்லிய நரம்பு ஒன்று, நுனி இரண்டாகப் பிளந்து, பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செடியில் அந்த நரம்பே தெரியாது, பதிலுக்கு நான்கு மகரந்தப் பைகள் வாசலில் வரிசையாக நிற்கும். முதல் வகைக்கு 'நாக்குநீட்டி' என்றும் இரண்டாவதற்குப் 'பல்காட்டி' என்றும் நானே பெயர் வைத்தேன். ஒரு செடியில் ஒரே வகைப் பூதான் இருக்கும், ஆனால் பாத்தியில் இரண்டு வகைச் செடியும் பாதிக்குப் பாதி கலந்து கிடந்தது. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த பழைய இம்பூறல் படத்தில் பூ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அது போதாதா எனக்கு? நாக்குநீட்டிதான் அசல், பல்காட்டி கலவன். பத்து வருடமாக ஒருத்தன் கண்ணிலும் படாததை வந்த பத்தாம் நாளில் கண்டுபிடித்துவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அன்றே பிடுங்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு செடியாக உட்கார்ந்து, லென்ஸ் வைத்து, பல்லைக் காட்டினால் வேரோடு எடுத்துக் கூடையில் போட்டேன்.

அஞ்சலை வந்து பார்த்தாள். "இன்னா அண்ணாத்த, நல்லா கீற செடிய புடுங்கிகினு கீற?"

"கலவன்."

"கடக்கரையில ரெண்டும் கலந்துதான இருந்துச்சு?"

"அதனாலதான் அது கடக்கரை, இது தோட்டம். நீ களை எடு, நான் கலவன் எடுக்கறேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். பெரிய ரகசியம் ஒன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிடுங்கிய இடத்தில் திரும்ப நட வேண்டியது அவள் என்பதால் கேட்டாள், அவ்வளவுதான். பிடுங்கிய பல்காட்டிகளை மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் கொட்டச் சொன்னேன்.

அந்த வருடம் விதை மண்ணில் முளைப்பு கொஞ்சம் குறைவு. வெயில் என்றேன். முளைத்ததில் மறுபடி பல்காட்டி தலைகாட்டியது, பூத்த மறுநாளே பிடுங்கினேன். அடுத்த வருடம் பாத்தியைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. அத்தனை பூவும் ஒரே மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் நீட்டுகிறது என்பது அப்போது புரியவில்லை. போட்டோ எடுத்து மனைவிக்குக் காட்டினேன். "பூ எங்க?" என்றாள்.

அந்த வருட விதை மண்ணில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பொறுப்பு அலுவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவசைலம் சார். தென்காசிப் பக்கம். காலையில் வந்ததும் கைக்குட்டையை நான்காக மடித்து நாற்காலியில் விரித்து அதன்மேல் உட்காருவார். மாலையில் அதே மடிப்பில் எடுத்துக்கொண்டு போவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நல்ல செய்தி சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். கெட்ட செய்தி சொன்னால் "சந்தோஷம்" என்பார். செய்தி எவ்வளவு மோசமோ அவ்வளவு மெதுவாக அந்தச் சந்தோஷம் வரும். இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் காகிதத்திலும் கொடுத்த அன்றைக்குக் கையெழுத்துப் போட மாட்டார். மேஜையில் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும். அதற்கு அடியில் வைத்துவிட்டு, "தூங்கி எந்திரிக்கட்டும்" என்பார். சில காகிதம் ஒரே இரவில் எழுந்துவிடும். சிலது மாதக்கணக்கில் தூங்கும். எங்களுக்கு அது பெரிய எரிச்சல்.

செய்யூரிலிருந்து இரண்டு விவசாயிகள் வந்து, தூவிய மண் மண்ணாகவே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சார் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம நாத்தங்கால்லயும் முளைக்கலையா?"

"இல்ல சார்."

"சந்தோஷம்." எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக வந்தது. "காரணம்?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதைவிட ஒரு படி மேலே போய், கூடத்தைக் கூட்டுகிறவளையே கைகாட்டினேன்.

"பாத்தியில குறை இருக்க வழியே இல்ல சார். அவ்வளவு சுத்தம். பாத்தியில இருந்து கூடைக்குப் போற வழியிலதான் ஏதோ நடக்குது."

அஞ்சலையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பாத்தியிலிருந்து கூடைக்குப் போகும் வழியில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. நல்ல விதை மண்ணை வெளியே யாருக்கோ கொடுத்துவிட்டு, வெறும் கடற்கரை மணலைக் கூடையில் கட்டுகிறாள் என்பது என் ஊகம். அதை ஊகம் என்றுகூட நான் நினைக்கவில்லை.

அது என்ன சமயம் என்றால், நெடுநாள் தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் இரண்டு மாதத்தில் மேலிடத்துக்குப் போக வேண்டிய சமயம். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரே பெயர், அஞ்சலை. பதினேழு வருடமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். இந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அன்று மாலை கேட்டில் நின்றேன். வேலை முடிந்து வந்த அஞ்சலையிடம் பையைக் காட்டு என்றேன். அவள் சிரித்தாள், விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பையைத் திறந்தாள். உள்ளே கை விட்டேன். டிபன் தூக்கு, வெற்றிலைப் பொட்டலம், மாற்றுப் புடவை. அடியில் ஒரு சிட்டிகை மணல். அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். கடற்கரையில் ஒருத்தியின் பையில் மணல் இருந்ததை ஆதாரமாகக் காட்டிய ஒரே அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன். அந்த நேரத்தில் என் செருப்பிலும் சட்டைப் பையிலும் காதுக்குள்ளும் அதே மணல் இருந்தது.

இரண்டு பக்கம் குறிப்பு எழுதி, மணல் பொட்டலத்தையும் இணைத்துச் சாரிடம் கொடுத்தேன். படித்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "சந்தோஷம்" என்று கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். "நீங்களே கூட்டி, நீங்களே விதைச்சுப் பாருங்க. அது வரைக்கும் அந்த அம்மா வர வேண்டாம்" என்றார். அதை அவளிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

நானே வரிசை வரிசையாக மண் கூட்டினேன். பாத்தியில் பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் எண் எழுதி, வலை அடித்த கூண்டுக்குள் வைத்துப் பூட்டு போட்டேன். சாவி என் அரைஞாணில். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். இனி எவள் வந்து மண்ணை மாற்றுகிறாள் பார்க்கலாம் என்று பத்து நாள் வீரமாக இருந்தேன். பதினைந்தாம் நாள் வீரம் குறைந்தது. இருபதாம் நாள் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பதினொரு தட்டில் ஒன்றுமில்லை. நானே கூட்டி, நானே பூட்டி, நானே தண்ணீர் விட்ட மண். திருடி என்று யாரையாவது சொல்வதானால் சாவி வைத்திருந்தவனைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பன்னிரண்டாம் தட்டில் பச்சை தெரிந்தது. ஊசி குத்தினால் மறையும் அளவு, ஆனால் நெருக்கமாக, நூற்றுக்கு மேலே.

பன்னிரண்டாம் வரிசை பாத்தியின் ஓரம், மோட்டார் ரூமை ஒட்டியது. மணல் ஈரமாக இருக்கும் என்று அஞ்சலை அதை எப்போதும் கூட்டாமல் விட்டுவிடுவாள். எழுந்து போய்ப் பார்த்தேன். மோட்டார் ரூம் குழாயில் ஒரு கசிவு. இரண்டு வருடமாகச் 'சரிசெய்யப்பட்டது' என்று நான் பதிவேட்டில் எழுதிவந்த கசிவு. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, குப்பைக் குழியின் விளிம்பில், நான் பிடுங்கிப் போட்ட பல்காட்டிகள் வேர்விட்டு, தளதளவென்று பூத்து நின்றன. கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய தேனீக்கள் குழிக்கும் பன்னிரண்டாம் வரிசைக்கும் மாறி மாறிப் போய்வந்தன. பதினோராம் வரிசைக்குக்கூட அவை வரச் சோம்பல்பட்டன போலிருக்கிறது.

ஒரு பூவை எடுத்து ஊசியால் கிழித்து லென்சில் வைத்தேன். இரண்டு வருடம் ஆயிரக்கணக்கான பூவைப் பார்த்தவன், ஒன்றைக்கூடக் கிழித்துப் பார்க்கவில்லை. நாக்குநீட்டியின் உள்ளே, கழுத்துக்குக் கீழே பதுங்கி, நான்கு மகரந்தப் பைகள் இருந்தன. பல்காட்டியைக் கிழித்தால் அதே ஆழத்தில் குட்டையான நாக்கு. இதில் நாக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் அதற்குப் பல். அதில் நாக்கு எங்கேயோ அங்கே இதற்குப் பல். பல்காட்டியில் தேன் குடிக்கும் பூச்சியின் மேல் மகரந்தம் ஒட்டும் இடமும், அடுத்துப் போகிற பூவில் நாக்கு வந்து தொடுகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், அடுத்த பூ நாக்குநீட்டியாக இருக்க வேண்டும். கலவன் என்று நான் பிடுங்கியது சம்பந்தி வீட்டை. மணமகன் வீட்டாரை எல்லாம் குப்பையில் தள்ளிவிட்டு, பந்தல் அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்திருக்கிறேன்.

அன்றே போய்ச் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான பெயர் பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு நன்மை, சோதனையை ஒழுங்காகச் செய்தேன். மனைவியின் பழைய, மெல்லிய வாயில் புடவையைக் கிழித்து, மொட்டாக இருந்த நாக்குநீட்டிக் கொத்துகளை மூடிக் கட்டினேன், பூச்சி போகாதபடி. பூத்ததும் பாதிக் கொத்துகளுக்கு, இன்னொரு நாக்குநீட்டிச் செடியின் பூவைக் கிழித்து, உள்ளேயிருந்த மகரந்தத்தை ஊசியால் எடுத்து நாக்கில் தடவி, வெள்ளை நூல் கட்டினேன். மீதிக்குப் பல்காட்டிப் பூவைச் சாமணத்தால் பிடித்து, அதன் பல்லை இதன் நாக்கில் ஒற்றி, சிவப்பு நூல் கட்டினேன். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டும். தும்மினால் அரைநாள் வேலை போச்சு. ஒருநாள் வாட்ச்மேன் ஓடிவந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்தான், மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்து.

இரண்டு வாரத்தில் சிவப்பு நூல் கட்டியதெல்லாம் காய் பிடித்துப் பருத்தது. வெள்ளை நூலில் பூ கருகி உதிர்ந்தது. ஒரே வகைக்குள் மகரந்தத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாலும் அந்தச் செடி வேண்டாம் என்கிறது. பட்டியல் போக இரண்டு நாள் இருந்தது.

சாரின் அறைக்குப் போனேன். முதலில் ஒரு அறிக்கை கொடுத்தேன். உப்புக் காற்று, பருவநிலை, எறும்பு, பூச்சிகளின் வரத்து எல்லாம் அதில் இருந்தன. படித்தார்.

"எறும்பு பேரு கூட இருக்கு. உங்க பேரு எங்க?"

திரும்ப எழுதினேன். "தோட்ட நிர்வாகத்தின் நடைமுறை" என்று எழுதினேன். அதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவர் எதிரிலேயே நின்றுகொண்டு எழுதினேன். இம்பூறலில் இரண்டு வகைப் பூ உண்டு. இரண்டும் இருந்தால்தான் காய்க்கும். தணிகாசலமாகிய நான் ஒரு வகையை முழுக்கப் பிடுங்கினேன். கடற்கரையில் இரண்டும் கலந்துதான் இருந்தது என்று அஞ்சலை சொல்லியும் பிடுங்கினேன். விதை மண்ணில் குறை இல்லை, மண்ணில் விதையே இல்லை.

படித்துவிட்டுச் சார் தலையை மட்டும் ஆட்டினார். சந்தோஷம் என்று சொல்லவில்லை. கண்ணாடிக் குண்டைத் தூக்கினார். அடியில் என் பழைய குறிப்பு, அந்த மணல் பொட்டலத்தோடு, அப்படியே இருந்தது.

"இது இன்னும் எந்திரிக்கல" என்று அதை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பொட்டலத்தப் பாத்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் கைக்குட்டைய உதறினேன். அதுலயும் மணல் இருந்துச்சு."

எங்களுக்கு எரிச்சலூட்டிய அந்தக் கண்ணாடிக் குண்டை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பட்டியலில் அஞ்சலையின் பெயரை அவரே பச்சை மையில் எழுதினார். "அந்த அம்மாவ நீங்களே போய்க் கூட்டிட்டு வரணும்" என்றார். எனக்கும் ஒரு குறிப்பாணை வந்தது, பதவி உயர்வு அதோடு போயிற்று. அதில் 'மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்ட தவறு' என்று ஒரு வரி. என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

திருவிடந்தையில் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நாக்குநீட்டி, பல்காட்டி, சிவப்பு நூல், வெள்ளை நூல் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் திருடல."

"இல்ல அஞ்சல. தப்பு என்னுதுதான்."

"அது எனுக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?" என்றவள் நிமிர்ந்தாள். "வேலைக்கு வராதன்னு சொன்னப்பகூட நான் அயுவல அண்ணாத்த. பதினேயு வருசம் அந்தக் கேட்டாண்ட போயி வந்துகினு கீறேன். ஒரு நாளு ஒருத்தன் என் பையில கை வுட்டது கெடையாது. நீ வுட்ட. அத்தினி பேரு பாத்துகினு இருந்தாங்க. வூட்டுக்கு வந்து அதுக்குத்தான் அயுதேன்."

வெட்கத்தில் உடம்பு சூடாகும் என்பதை ஐம்பத்திநாலு வயதில்தான் தெரிந்துகொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேனா, நினைத்தேனா என்று இப்போதுகூட நிச்சயமில்லை.

"வரேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. தெனிக்கும் சாயங்காலம் நீ கேட்டுல நிக்கணும். என் பைய பாக்கணும். பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். அன்னிக்கு எத்தினி பேரு பாத்தாங்களோ அத்தினி பேருக்கும் கேக்குற மாரி."

மறுநாளிலிருந்து அது நடந்தது. அவள் பையை விரித்துப் பிடிப்பாள். நான் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லை!" என்று கத்துவேன். சத்தம் போதாவிட்டால் பை மூடாது. முதல் மாதம் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் வாட்ச்மேன் சிரிக்க ஆரம்பித்தான். நிரந்தர ஆணை வந்த நாளில், இனிமேல் போதுமா என்று கேட்டேன். "இப்பத்தான நான் பர்மனெண்டு, இதுவும் பர்மனெண்டுதான்" என்றாள். சிவசைலம் சார் மாற்றலாகிப் போனார், புதிய அலுவலர்கள் வந்தார்கள். இது ஏதோ பாதுகாப்பு விதிமுறை என்று நினைத்து, ஒருவர் என்னைப் பாராட்டினார்கூட. பல்காட்டிகளைக் குழியிலிருந்து எடுத்து வரிசை விட்டு வரிசை நட்டோம், நான் குழி தோண்ட, அவள் நட. அடுத்த வருடம் செய்யூருக்கு விதை மண் போயிற்று. இதைத்தான் ஃபைலில் 'காப்பாற்றினார்' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் சால்வையும் போட்டு அனுப்பினார்கள். கேட்டில் அஞ்சலை நின்றாள். அவள் கையில் பை இல்லை.

"பைய தொற அண்ணாத்த" என்றாள்.

திறந்தேன். சால்வை, டிபன் பாக்ஸ், என் கைலென்ஸ். கையை விட்டுத் துழாவினாள். என்னவோ தட்டுப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டாள். "மண்ணு கீதே!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு கண்ணில் தூசி விழுந்த மாதிரி திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அது வெறும் மணல் இல்லை. ஒரு பிடி விதை மண்ணைத் தாளில் மடித்து அவளே போட்டிருக்கிறாள் என்பது வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது.

அதில் பாதியை மொட்டைமாடித் தொட்டியில் தூவி, வெயிலில் காயவிட்டுக் கெடுத்தேன். மீதியைப் போன வருடம் தூவினேன். முளைத்ததில் அணில் கிளறியது போக, ஒரே ஒரு செடி மிஞ்சியது. நன்றாகப் பூக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாக்குநீட்டி. எட்டு மாதமாகப் பூக்கிறது, ஒரு காய் இல்லை.

பலகை விஷயமாக அந்த அலுவலர் அம்மாவுக்கு நேற்று போன் செய்தேன். பெயர் போடுவதானால் அஞ்சலையின் பெயரைப் போடுங்கள், என் பெயரும் வேண்டும் என்றால் 'பிடுங்கியவர்' என்று கீழே சின்னதாகப் போடுங்கள் என்றேன். அவர் சங்கடப்பட்டார். அஞ்சலை பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று போனை அவளிடம் கொடுத்தார்.

"அஞ்சல, நீ போட்ட மண்ணுல ஒண்ணுதான் நிக்குது. காய்க்க மாட்டேங்குது."

"இன்னா வகை?"

"நாக்குநீட்டி."

"பின்ன எப்பிடிக் காய்க்கும்? உனுக்கு பல்காட்டி வோணும். எது, நீ புடுங்கிப் போட்டியே, அதுவா?"

"அதேதான்."

"வா. வந்து கேட்டு வாங்கினு போ. போசொல்ல கேட்டுல பைய தொறந்து காட்டணும், தெரீதா?"

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். துணிப்பையை எடுத்து வைத்துவிட்டேன். மாடியில் நின்று தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உதறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார் என்று கேட்டார். அவருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன், "ஒண்ணும் இல்லை."